அதிபரின் ஆட்கள், நாடாளுமன்றத்தின் துறைகள்: அமெரிக்க அமைச்சரவை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு விண்ணப்ப வேலைகளில் சில வருடங்களாக உதவி வருகிறேன். பேச்சு விசாவில்தான் தொடங்கும். ஐந்தாவது நிமிடத்தில், "அங்கே இதையெல்லாம் யார் சார் முடிவு பண்றது?" என்ற கேள்வியில் வந்து நிற்கும். அப்படிக் கேட்கப்பட்டவற்றுக்கு நிதானமாக உட்கார்ந்து எழுதிய பதில்கள் இவை. 'நாடாளுமன்றம்' என்று நான் சொல்வது அங்குள்ள காங்கிரஸை. நமக்கு காங்கிரஸ் என்றாலே கட்சி ஞாபகம் வரும் என்பதால் அந்தச் சொல்லைத் தவிர்த்திருக்கிறேன். அதன் இரு அவைகள்: பிரதிநிதிகள் சபை, செனட்.

'செக்ரட்டரி' என்றால் செயலாளரா, அமைச்சரா?

நம் ஊரில் செக்ரட்டரி என்றால் கோட்டையில் இருக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அமைச்சர்கள் வருவார்கள், போவார்கள். கோப்பு அவரிடம் இருக்கும். அமெரிக்காவில் துறைக்குத் தலைவரே செக்ரட்டரிதான். அவருக்கு மேலே நேராக அதிபர். அதனால் மார்கோ ரூபியோவை நம் பத்திரிகைகள் 'வெளியுறவு அமைச்சர்' என்று எழுதுவது பொருத்தமானதே.

நீதித் துறையின் தலைவருக்கு மட்டும் அட்டர்னி ஜெனரல் என்று பெயர். இந்தியாவிலும் அதே பெயரில் ஒருவர் இருக்கிறார்; அரசுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடுவார். அமெரிக்க அட்டர்னி ஜெனரல் அப்படி இல்லை. அவர் ஒரு பெரிய துறையையே நடத்துகிறவர். எஃப்.பி.ஐ.யே அவருக்குக் கீழேதான் வருகிறது.

மொத்தம் எத்தனை துறைகள்?

15. பிறந்த காலத்தை வைத்துப் பார்த்தால் அந்த நாட்டின் கதையே தெரியும். 1789இல் வெளியுறவு, கருவூலம், போர் என்று மூன்றே மூன்று துறைகள்; அட்டர்னி ஜெனரலுக்குப் பதவி உண்டு, துறை கிடையாது. மேற்கே நிலம் விரிய விரிய 1849இல் இன்டீரியர் துறை வந்தது. உள்நாட்டுப் போரின் நடுவே, 1862இல், வேளாண் துறை. போர் முடிந்தபின் 1870இல் நீதித் துறை. 1903இல் ஒன்றாகத் தொடங்கிய வணிகமும் தொழிலாளர் நலமும் 1913இல் பிரிந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு போர்த் துறையையும் கடற்படைத் துறையையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து, 1949இல் பாதுகாப்புத் துறை என்று பெயரிட்டார்கள்.

1965இல் வீட்டுவசதி, 1966இல் போக்குவரத்து. எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1977இல் எரிசக்தி. 1953இல் ஒரே துறையாக இருந்த சுகாதாரமும் கல்வியும் 1979 சட்டத்தால் இரண்டாயின. 1989இல் முன்னாள் படைவீரர் நலம். இரட்டைக் கோபுரத் தாக்குதலை அடுத்து, 2002 நவம்பரில் நிறைவேறிய சட்டத்தால் 22 அமைப்புகளைச் சேர்த்து உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. அதற்குப் பிறகு புதிதாக ஒன்றும் பிறக்கவில்லை.

இந்தப் 15 பேருடன் துணை அதிபரும் சேர்ந்ததே அமைச்சரவை. ஐ.நா. தூதர், வர்த்தகப் பிரதிநிதி, வெள்ளை மாளிகைத் தலைமை அலுவலர் போன்ற சிலருக்கு அதிபர் தன் விருப்பப்படி 'அமைச்சரவைத் தகுதி' கொடுப்பார். அதிபர் மாறினால் அந்தப் பட்டியலும் மாறும்.

அரசியலமைப்பில் அமைச்சரவை பற்றி என்ன இருக்கிறது?

அமைச்சரவை என்ற சொல்லே அதில் இல்லை! துறைத் தலைவர்களிடம் அவரவர் துறை சார்ந்த விஷயங்களில் எழுத்து மூலமாகக் கருத்துக் கேட்கலாம் என்று அதிபருக்கு ஓர் அனுமதி இருக்கிறது. அவ்வளவுதான். எல்லோரையும் ஒரே அறையில் கூட்டி வைத்துப் பேசுவது ஜார்ஜ் வாஷிங்டன் ஏற்படுத்திய வழக்கம்.

அந்த 'எழுத்து மூலமான கருத்து' நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு 1791 பிப்ரவரி நல்ல சாட்சி. தேசிய வங்கி தொடங்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறி வாஷிங்டனின் மேசைக்கு வருகிறது. கையெழுத்துப் போடுவதா, திருப்பி அனுப்புவதா? அட்டர்னி ஜெனரல் ராண்டால்ஃபிடம் கேட்டார். அரசியலமைப்பு இதற்கு இடம் தரவில்லை என்றார் ராண்டால்ஃப். வெளியுறவுத் துறையின் ஜெஃபர்சனும் அதையே எழுதினார். அந்த ஆட்சேபங்களைக் கருவூலத் துறையின் ஹாமில்டனிடம் கொடுத்து, பதில் எழுதச் சொன்னார் வாஷிங்டன். ஹாமில்டன் ஒவ்வொரு ஆட்சேபத்தையும் எடுத்து வைத்து நீண்ட பதில் எழுதினார். பிப்ரவரி 25 அன்று மசோதாவில் கையெழுத்து விழுந்தது. இருவர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம். ஜெயித்தது அந்த ஒருவரின் வாதம். தலைகளை எண்ணவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் அமைச்சரவை கூடி வாக்கெடுத்து முடிவு செய்யாதா?

செய்யாது. இங்கேதான் நம் பழக்கம் நம்மைத் தவறாக வழிநடத்துகிறது. 'அமைச்சரவை ஒப்புதல் அளித்தது' என்ற தலைப்பை நாம் வாரந்தோறும் படிக்கிறோம். இந்தியாவில் அமைச்சரவை ஒரு குழுவாக மக்களவைக்குப் பொறுப்பு. மொத்தமாக ஆளும், மொத்தமாகக் கவிழும். அமெரிக்காவில் நிர்வாக அதிகாரம் முழுவதும் அதிபர் என்ற ஒரே ஆளிடம் இருக்கிறது. மற்றவர்கள் ஆலோசனை சொல்லலாம், தங்கள் துறையை நடத்தலாம். கூட்டம் எப்போது, எத்தனை முறை என்பதும் அதிபரின் இஷ்டம்தான்.

அதற்காக, அந்த மேசையில் உட்காருவது வெறும் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். 1862 ஜூலை 22 அன்று லிங்கன் தன் அமைச்சர்களைக் கூட்டி, அடிமை விடுதலைப் பிரகடனத்தின் வரைவை வாசித்துக் காட்டினார். செய்வதா வேண்டாமா என்பதைத் தான் முடிவு செய்துவிட்டதாக முதலிலேயே சொல்லிவிட்டார். அப்போது வெளியுறவு அமைச்சர் சூவர்ட் ஒரு வார்த்தை சொன்னார்: போர்க்களத்தில் தோல்விமேல் தோல்வி வரும் நேரத்தில் இதை வெளியிட்டால், வேறு வழி தெரியாத அரசின் கடைசிக் கூக்குரல் என்று உலகம் எடுத்துக்கொள்ளும், ஒரு வெற்றி வரட்டும். லிங்கன் அந்தத் தாளை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். செப்டம்பரில் ஆன்டீட்டம் போரில் எதிரியான தென் மாநிலப் படை பின்வாங்கிய பிறகு, 22ஆம் தேதி முன்னறிவிப்புப் பிரகடனம் வெளிவந்தது. முடிவு அதிபருடையது, அதற்கான வேளையைக் குறித்துக் கொடுத்தவர் அமைச்சர். நல்ல அமைச்சரவை எதற்காக என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இந்த இரண்டு மாதக் கதையைத்தான்.

அமைச்சராக எம்.பி.யாக இருக்க வேண்டாமா?

இருக்கவே கூடாது. இந்தியாவில் எம்.பி. அல்லாதவர் மத்திய அமைச்சரானால் ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஓர் அவைக்குள் வந்தாக வேண்டும். அங்கே நேர் எதிர். நாடாளுமன்ற உறுப்பினர் அமைச்சரானால் அந்தப் பதவியை விட்டுவிட வேண்டும். 2009இல் ஹிலாரி கிளின்டன் செனட்டை விட்டு வந்தார். 2025இல் ரூபியோவும் அப்படித்தான். ஹிலாரி விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஓர் உறுப்பினரின் பதவிக்காலத்தில் எந்தப் பதவியின் சம்பளம் உயர்ந்ததோ, அந்தப் பதவிக்கு அவர் அந்தக் காலத்துக்குள் நியமிக்கப்படக் கூடாது என்று அரசியலமைப்பு சொல்கிறது. அதனால் வெளியுறவு அமைச்சரின் சம்பளத்தைப் பழைய அளவுக்கே குறைத்துத் தனியாக ஒரு சட்டம் போட்டார்கள்.

செனட் ஒப்புதல் என்கிறார்களே, அது கண்டிப்பா?

ஆமாம். அதிபர் பெயரைச் சொல்வார். செனட் குழு அவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்கும், நேரலையில், மணிக்கணக்கில். பிறகு முழு அவையில் சாதாரணப் பெரும்பான்மை வேண்டும். ரூபியோவுக்கு 99–0. அதே வாரத்தில் பாதுகாப்புத் துறைக்கு பீட் ஹெக்செத் வந்தபோது 50–50. துணை அதிபர் வான்ஸ் ஓட்டுப் போட்டுத்தான் முடிச்சு அவிழ்ந்தது. அதற்கு முன் 2017இல் கல்வித் துறைக்கு பெட்ஸி டிவாஸ் வந்தபோதும் இதே கதை. ஓர் அமைச்சருக்காகத் துணை அதிபர் ஓட்டுப் போட்டது அதுதான் முதல் முறை.

வாக்கெடுப்பில் நேரடியாகத் தோற்கடிக்கப்பட்டவர்கள் இதுவரை ஒன்பதே பேர். கடைசியாக 1989இல் பாதுகாப்புத் துறைக்கு முன்மொழியப்பட்ட ஜான் டவர், 47–53. எண்ணிக்கை குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தோற்பது உறுதி என்று தெரிந்ததும் வேட்பாளர்களே விலகிவிடுவார்கள். 2024 நவம்பரில், அட்டர்னி ஜெனரல் பதவிக்கு அறிவிக்கப்பட்ட மாட் கேட்ஸ் செய்தது அதைத்தான்.

உள்துறை என்றால் போலீஸ்தானே?

இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன். நம்மவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது.

இன்டீரியர் துறையைத் தமிழில் 'உள்துறை' என்று எழுதிவிட்டால் உடனே அமித் ஷாவின் அமைச்சகம் மனதில் வரும். இன்டீரியர் துறைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அது நிலத்துக்கான துறை: தேசியப் பூங்காக்கள், மத்திய அரசின் புறம்போக்கு நிலங்கள், அணைகள், சுரங்கக் குத்தகைகள். அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கான நிர்வாகமும் அதற்குள் இருக்கிறது. அதன் பெயரில் இன்றும் 'இந்தியன்' என்ற சொல் உண்டு. அது நாம் இல்லை. அந்தப் பூர்வகுடிகளின் நிலங்களைப் பறித்த காலத்திலும் இதே துறைதான் பொறுப்பில் இருந்தது. 2021இல் பூர்வகுடிப் பெண்ணான டெப் ஹாலண்ட் அதன் தலைவரானபோது எனக்கு மனம் நெகிழ்ந்துபோனது உண்மை.

நம் உள்துறை அமைச்சகத்துக்கு ஓரளவு ஈடாகச் சொன்னால் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையைச் சொல்லலாம்: எல்லை, குடிவரவு, பேரிடர் உதவி, கடலோரக் காவல். தெருப் போலீஸ் எந்த மத்தியத் துறையிலும் இல்லை. அது நகரங்களுக்கும் கவுண்டிகளுக்கும் மாநிலங்களுக்கும் சொந்தம்.

பெயரை நம்பினால் ஏமாறும் இடங்கள் இன்னும் உண்டு. அணுகுண்டுகளை வடிவமைத்துப் பராமரிப்பது பாதுகாப்புத் துறை இல்லை, எரிசக்தித் துறை. வானிலை அறிக்கையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் வணிகத் துறையில். தேசியப் பூங்காக்கள் இன்டீரியரிடம், ஆனால் தேசியக் காடுகள் 1905 முதல் வேளாண் துறையிடம். ஏழைகளுக்கான உணவு உதவித் திட்டமும் அதே வேளாண் துறையில்தான். கல்வித் துறை பள்ளிக்கூடம் நடத்துவதில்லை, பாடத்திட்டம் போடுவதுமில்லை. கல்விக் கடனும் நிதியுதவியும்தான் அதன் பெரிய வேலை.

கையில் ஒரு டாலர் நோட்டு இருந்தால் வாஷிங்டன் படத்துக்கு வலப்பக்கம் கீழே பாருங்கள். பொடியாக ஒரு கையெழுத்து இருக்கும். நம் ரூபாயில் ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்திடுகிறார்; அங்கே கருவூலத் துறை அமைச்சர். இவ்வளவுக்கும் அந்த நோட்டை வெளியிடும் ஃபெடரல் ரிசர்வ் எந்தத் துறைக்கும் கட்டுப்பட்டதில்லை.

விசா யார் கையில்?

ஒரே துறையின் கையில் என்று நினைத்துத்தான் எல்லோரும் தவிக்கிறார்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கான எச்-1பி விசாவை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை தரும் நிறுவனம், 'இந்த ஊரில் இந்த வேலைக்கு உரிய சம்பளம் தருவேன்' என்று முதலில் தொழிலாளர் துறையில் ஒரு படிவத்துக்குச் சான்று வாங்க வேண்டும். அதை வைத்து மனுப் போடுவது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் குடியுரிமை அலுவலகத்தில். அது ஏற்கப்பட்ட பிறகு சென்னை ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். அது வெளியுறவுத் துறை. விமானம் இறங்கியதும் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, "எதற்கு வந்தீர்கள்?" என்று கேட்பவர் மறுபடியும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை.

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா, வாசல்வரை வருவதற்கான அனுமதிதான். எத்தனை நாள் தங்கலாம் என்பதை முடிவு செய்வது இறங்கும் இடத்தில் பதிவாகும் ஐ-94. அது வேறு துறையின் பதிவு. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் விசா தேதியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்து, தங்கும் கெடுவைத் தவறவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இரண்டையும் பாருங்கள்.

கிரீன் கார்டும் அப்படியே. தொழிலாளர் சான்று ஒரு துறை, மனு இன்னொரு துறை, மாதாமாதம் எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கும் முன்னுரிமைத் தேதிப் பட்டியல் வெளியுறவுத் துறை.

'அரசு முடங்கியது' என்கிறார்களே, விசாவும் நின்றுவிடுமா?

எந்தத் துறைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. துறைகளுக்குச் செலவுப்பணம் ஒதுக்குவது நாடாளுமன்றம். அது நேரத்துக்கு நிறைவேறாவிட்டால் அத்தியாவசியம் அல்லாத வேலைகள் நின்றுவிடும். 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் அப்படி நடந்தது. தூதரகமும் குடியுரிமை அலுவலகமும் பெருமளவு நாம் கட்டும் கட்டணத்திலேயே ஓடுவதால் அவை நிற்கவில்லை. ஆனால் தொழிலாளர் துறையின் அந்த முதல் படிவம் அக்டோபர் கடைசிவரை நின்றுபோனது. சங்கிலியில் ஒரு கண்ணி போதாதா? புது மனுப் போட இருந்தவர்கள் காத்திருந்தார்கள். 2013இலும் இதேதான்.

ஒரு துறையை அதிபர் மூடிவிட முடியுமா? புதிதாகத் தொடங்க முடியுமா?

முடியாது. இந்த முழுப் பக்கத்திலும் ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்: துறையில் உட்காரும் ஆட்களை அதிபர் தேர்ந்தெடுக்கிறார், அதிபர் நீக்குகிறார். ஆனால் துறையைச் சட்டத்தால் படைப்பதும், அதற்கு வேலை வகுப்பதும், பணம் தருவதும், மூடுவதும் நாடாளுமன்றம்.

கல்வித் துறையை மூடுவதற்கான நடவடிக்கை எடுக்கும்படி 2025 மார்ச்சில் டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். ஆட்குறைப்புச் செய்ய முடிந்தது. துறையைப் படைத்த 1979 சட்டத்தை ஓர் ஆணையால் அழிக்க முடியாது. அதே ஆண்டு செப்டம்பரில் பாதுகாப்புத் துறைக்குப் 'போர்த் துறை' என்று பெயர் வைத்தார். அது கூடுதலாகப் பயன்படுத்தும் பெயராக மட்டுமே வந்தது. அரசுச் செலவைக் குறைக்க என்று எலான் மஸ்க் பெயரோடு பேசப்பட்ட 'டோஜ்', பெயரில் துறை என்று இருந்தாலும் துறை இல்லை. வெள்ளை மாளிகைக்குள் ஏற்கெனவே இருந்த ஓர் அலுவலகத்துக்கு ஆணை மூலம் புதுப்பெயர் சூட்டி அமைத்தது.

அமைச்சரை அதிபர் எப்போது வேண்டுமானாலும் நீக்கலாமா?

இன்று, ஆம். நியமனத்துக்கு செனட் வேண்டும். நீக்கத்துக்கு யாரும் வேண்டாம். இது அப்படியொன்றும் சுலபமாக முடிவான விஷயமல்ல. லிங்கன் கொல்லப்பட்ட பின் அதிபரான ஆண்ட்ரூ ஜான்சனை மடக்க, செனட் சம்மதம் இல்லாமல் அமைச்சரை நீக்கக் கூடாது என்று 1867இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 1868 பிப்ரவரி 21 அன்று ஜான்சன் போர்த் துறை அமைச்சர் ஸ்டான்டனை நீக்கினார். ஸ்டான்டன் அறையை விட்டு நகரவில்லை. உள்ளேயே தங்கிக்கொண்டு, மே கடைசிவரை மூன்று மாதம் அலுவலகத்தைப் பிடித்து வைத்திருந்தார். அவரை நீக்கிய மூன்றே நாளில் அதிபர்மேல் பதவிநீக்கக் குற்றச்சாட்டு வந்தது. செனட்டில் 35–19, மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஓட்டுக் குறைவு. ஜான்சன் தப்பினார். அந்தச் சட்டம் பின்னர் ரத்தானது. 1926இல் உச்ச நீதிமன்றம் நீக்கும் அதிகாரம் அதிபருடையதே என்றது.

நாடாளுமன்றத்தாலும் ஓர் அமைச்சர்மேல் குற்றஞ்சாட்ட முடியும். வரலாற்றில் இரண்டு பேர்தான்: 1876இல் போர்த் துறையின் பெல்நாப், 2024இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் மயோர்காஸ். இருவரும் தண்டிக்கப்படவில்லை.

அதிபருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

துணை அதிபர், பிரதிநிதிகள் சபைத் தலைவர், செனட்டின் தற்காலிகத் தலைவர். அதன்பின் அமைச்சர்கள், துறைகளின் வயது வரிசையில். வெளியுறவு முதலில், உள்நாட்டுப் பாதுகாப்பு கடைசியில். பிறப்பால் அமெரிக்கரல்லாத அமைச்சரைத் தாண்டி வரிசை நகரும். இதற்காகத்தான் அதிபர் நாடாளுமன்றத்தில் உரையாற்றும் இரவில் ஓர் அமைச்சரை மட்டும் வேறு எங்கோ பாதுகாப்பாக வைத்திருப்பார்கள். 2024இல் கல்வி அமைச்சர் மிகேல் கார்டோனா அப்படி இருந்தார்.

உயிரோடு இருக்கும் அதிபர் செயல்பட முடியாத நிலையில் இருக்கிறார் என்று துணை அதிபரும் துறைத் தலைவர்களில் பெரும்பான்மையோரும் எழுதிக் கொடுத்தால், அதிகாரம் துணை அதிபருக்கு மாறும். 1967இல் வந்த 25ஆம் திருத்தம் இது. அமைச்சர்களின் தலைகளை எண்ணும் ஒரே இடம் இதுதான். இந்தப் பிரிவு இன்றுவரை பயன்படுத்தப்படவில்லை.

அந்த மேசையில் தமிழர் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா?

தமிழ்த் தாயின் மகள் உட்கார்ந்திருக்கிறார். துணை அதிபர் என்ற முறையில் 2021 முதல் 2025 வரை கமலா ஹாரிஸ் அமைச்சரவை உறுப்பினர். அவர் தாய்வழித் தாத்தாவின் ஊர் திருவாரூர் மாவட்டத்து துளசேந்திரபுரம். 15 துறைகளில் ஒன்றின் தலைவராகத் தமிழ் வம்சாவளியினர் யாரும் இதுவரை வரவில்லை.

இலங்கையிலும் ஜனாதிபதி ஆட்சிதானே? அதே மாதிரியா?

இல்லை. அங்கே ஜனாதிபதி அமைச்சரவையின் தலைவர், ஆனால் அமைச்சர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களாக இருக்க வேண்டும். அமைச்சரவை நாடாளுமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் நண்பர்கள் 'ஜனாதிபதி முறை' என்ற ஒரே சொல்லை வைத்து இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டாம்.

அமைச்சரவை அறையில் யார் எங்கே உட்காருவார்கள்?

வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதியில் ஒரு நீள்வட்ட மேசை. அதிபர் ஒரு பக்கத்தின் நடுவில். அவர் நாற்காலியின் முதுகு மட்டும் மற்றவற்றைவிட இரண்டு அங்குலம் உயரம். வலப்பக்கம் வெளியுறவு, இடப்பக்கம் பாதுகாப்பு, எதிரே துணை அதிபர். புதிய துறைகள் ஓரங்களுக்குப் போகும். ஒவ்வொரு நாற்காலியின் பின்னாலும் பதவியைப் பொறித்த பித்தளைத் தகடு இருக்கும். அமைச்சர் விடைபெறும்போது, அவரிடம் வேலை பார்த்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு அந்த நாற்காலியை விலைக்கு வாங்கி அவருக்கே பரிசாகக் கொடுத்து அனுப்புவது வழக்கம்.